கண்டிச் சிறையில் ஏற்றப்பட்ட விளக்கு

கண்டி மாநகருக்கு நீங்கள் பலமுறை சென்றிருப்பீர்கள். ஏரிக்கரையில் நடந்திருப்பீர்கள். தலதா மாளிகையின் வெண்சுவர்களைக் கண்டிருப்பீர்கள். அதற்கு அண்மையில் உள்ள புனித அந்தோனியார் பேராலயத்தில் முழந்தாளிட்டுச் செபித்திருப்பீர்கள். சற்று மேலே ஏறினால் அம்பிட்டியக் குன்று. அங்கே 1893ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் நிறுவிய குருமடத்தின் கட்டடங்கள் உள்ளன. நம் பங்குகளில் திருப்பலி நிறைவேற்றும் குருக்களில் பலர் அங்கேதான் உருவாக்கம் பெற்றனர்.

இத்தனையையும் கண்டு திரும்பும் நாம், அந்த நகரின் மண்ணுக்குள் எங்கோ ஓரிடத்தில் ஒரு புனிதரின் உடல் உறங்குகிறது என்பதை நினைப்பதுண்டா? அவருடைய கல்லறை எங்கே என்று இன்று யாராலும் சுட்டிக்காட்ட இயலாது. அவர் எழுப்பிய ஆலயமும் இன்று இல்லை. ஆயினும் இலங்கைத் தீவில் கத்தோலிக்க விசுவாசம் அணைந்துபோகாமல் இன்றுவரை எரிகின்றதென்றால், அதற்கு இறைவன் பயன்படுத்திய முதன்மையான கருவி அவரே. அவர்தாம் இலங்கையின் திருத்தூதர் என்று திருச்சபை போற்றும் புனித யோசேப் வாஸ் அடிகளார்.

கோவாவில் கேட்ட குரல்

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், கோவாவில் பெனோலிம் என்னும் ஊரில் யோசேப் வாஸ் பிறந்தார். தந்தை கிறிஸ்தோவாம் வாஸ். தாய் மரியா தெ மிராந்தா. கொங்கணி பேசும் பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவத்தைத் தழுவிய பக்தியான குடும்பம் அது. 1676ஆம் ஆண்டில் குருத்துவத் திருநிலைப்பாடு பெற்றார். மறு ஆண்டு, 1677 ஆகஸ்டு 5ஆம் நாள், தம்மைத் தேவதாயின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓர் ஏட்டில் எழுதிக் கையொப்பமிட்டார். அரசர்களும் செல்வர்களும் அடிமைகளை வாங்கி விற்ற அந்தக் காலத்தில், தாமாகவே அடிமை ஏடு எழுதிக்கொடுத்த இளங்குரு அவர்.

அக்காலத்தில்தான் இலங்கையைப் பற்றிய துயரச் செய்தி அவர் செவிக்கு எட்டியது. அதை விளங்கிக்கொள்ள நாம் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். போர்த்துக்கேயர் ஆண்ட கரையோரப் பகுதிகளில் கத்தோலிக்க மறை வேரூன்றியிருந்தது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆனால் சீர்திருத்த சபையைச் சார்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று சட்டம் பிறந்தது. ஆலயங்கள் பறிக்கப்பட்டன. பிள்ளையின் ஞானஸ்நானமும், பெரியவர்களின் திருமணமும், அரசாங்கப் பதவியும் சீர்திருத்த சபையின் வழியாகவே என்றாயிற்று.

அன்புள்ளவர்களே, அந்த நாள்களில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கத் தாயை எண்ணிப்பாருங்கள். ஞாயிறு வரும், திருப்பலி இல்லை. தந்தை மரணப்படுக்கையில் இருப்பார். நோயிற்பூசுதல் அளிக்கக் குரு இல்லை. ஆயினும் இரவில் கதவைத் தாழிட்டு, குரலைத் தாழ்த்தி, பிள்ளைகளுக்கு மங்கள வார்த்தைச் செபத்தைச் சொல்லிக்கொடுத்தாள் அவள். யாழ்ப்பாணம் வீழ்ந்த நாளிலிருந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள், குருக்கள் இல்லாத நிலையில், வீடுகளே ஆலயங்களாக இருந்து விசுவாசத்தைக் காத்தன. யோசேப் வாஸ் அடிகளாரைப் போற்றும்போது, பெயர் தெரியாத அந்தக் குடும்பங்களையும் சேர்த்தே நாம் போற்ற வேண்டும்.

ஆயனில்லா அந்த மந்தையின் நிலை இளங்குருவின் உள்ளத்தை உறுத்தியது. உடனே புறப்பட விரும்பினார். ஆனால் மேலதிகாரிகள் அவரைக் கன்னட நாட்டுப் பணிக்கு அனுப்பினர். 1681 முதல் 1684 வரை கீழ்ப்படிதலோடு அங்கே உழைத்தார். பின்பு கோவாவில், உள்நாட்டுக் குருக்கள் சிலர் ஒன்றுகூடி வாழத் தொடங்கியிருந்த சிறிய குழுவில் 1685இல் இணைந்து, அதனைப் புனித பிலிப்பு நேரியாரின் வழியிலான துறவு இல்லமாக உருவாக்கினார். அந்த இல்லமே பிற்காலத்தில் இலங்கைக்குக் குருக்களை அனுப்பும் ஊற்றாயிற்று. இறைவன் அவரைக் காத்திருக்க வைத்த ஆண்டுகள் வீணாகவில்லை என்பதை இங்கே கவனியுங்கள்.

கழுத்தில் செபமாலை அணிந்த பிச்சைக்காரர்

1686இல், ஜான் என்னும் உண்மையுள்ள ஊழியர் ஒருவரோடு அடிகளார் கோவாவை விட்டுப் புறப்பட்டார். கால்நடையாகத் தெற்கு நோக்கி வந்து தூத்துக்குடியை அடைந்தார். வழியில் தமிழைக் கற்றார். குருவின் அங்கியைக் களைந்து, கூலியாள் போலக் கந்தைத் துணி உடுத்தி, 1687ஆம் ஆண்டு உயிர்ப்புக் காலத்தில் படகேறி யாழ்ப்பாணக் கரையை அடைந்தார்.

கரை சேர்ந்ததும் அவரை வரவேற்றது கடும் வயிற்றுளைச்சல் நோய். தொற்றிவிடும் என்ற அச்சத்தால் மக்கள் விலகினர். ஏழைப் பெண் ஒருத்தி கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது என்று மரபு சொல்கிறது. திருத்தூதர் ஒருவர் இலங்கையில் பெற்ற முதல் விருந்து ஏழையின் கஞ்சி!

உடல் தேறியதும் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. மறைந்து வாழும் கத்தோலிக்கரை எப்படிக் கண்டறிவது? வெளிப்படையாகக் கேட்டால் கேட்பவருக்கும் ஆபத்து, விடை சொல்பவருக்கும் ஆபத்து. அடிகளார் ஒரு செபமாலையை எல்லார் கண்ணிலும் படும்படி கழுத்தில் அணிந்துகொண்டார். வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டாரின் கண்கள் மலர்கின்றன, யார் மீண்டும் மீண்டும் அதை நோக்குகின்றனர் என்று பொறுமையோடு கவனித்தார். அப்படி அடையாளம் கண்ட குடும்பத்திடம், குரு ஒருவர் வந்தால் வரவேற்பீர்களா என்று மெல்ல வினவினார். தாமே அந்தக் குரு என்று பின்னர் வெளிப்படுத்தினார்.

சில்லாலை என்னும் ஊர் அவருக்குப் புகலிடம் தந்தது. பகலில் ஒளிந்திருப்பார்; இரவில் ஊர் ஊராகச் சென்று திருப்பலி நிறைவேற்றுவார்; பாவசங்கீர்த்தனம் கேட்பார்; விடியுமுன் வேறு வீட்டுக்கு மாறிவிடுவார். ஆயினும் செய்தி கசிந்தது. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், திருப்பலிக்காகக் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்த வீரர்கள் வளைத்துப் பிடித்தனர். அடிகளார் அவர்கள் கைக்கு அகப்படவில்லை. சீர்திருத்த சபையிலிருந்து கத்தோலிக்க மறைக்குத் திரும்பியிருந்த தொன் பேதுரு என்பவர் அடிபட்டே உயிர் துறந்தார். மேலும் எழுவர் கடூழியத் தண்டனை பெற்று அதிலேயே மாண்டனர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் தம் குருவைக் காட்டிக்கொடுக்காமல் கொடுத்த விலை இது.

தம்மால் மக்கள் துன்புறுகிறார்களே என்ற வேதனை அடிகளாரை வாட்டியது. ஒல்லாந்தரின் அதிகாரம் எட்டாத கண்டி அரசின் எல்லைக்குட்பட்ட புத்தளத்துக்கு 1690இல் சென்றார். அங்கே ஓரளவு அமைதியோடு பணியாற்ற முடிந்தது. ஆனால் அவர் கண் மலைநாட்டின் மீது பதிந்திருந்தது.

ஐயம் எழுந்தது ஏன்?

1692ஆம் ஆண்டு அடிகளார் கண்டிக்குப் புறப்பட்டார். கண்டி மன்னரின் ஆதரவு கிடைத்தால், அந்நகரையே நிலையான இருப்பிடமாகக் கொண்டு, ஒல்லாந்தரின் பகுதிகளுக்கும் மறைவாகச் சென்றுவரலாம் என்பது அவருடைய எண்ணம். மேலும், ஒல்லாந்தருக்கு அஞ்சி ஓடிவந்த கத்தோலிக்கர் பலர் கண்டியிலும் மாத்தளைப் பக்கத்து வகாக்கோட்டை போன்ற ஊர்களிலும் குருவின்றி வாழ்ந்துகொண்டிருந்தனர்.

ஆனால் வாயில் திறக்கவில்லை, சிறைக்கதவே திறந்தது. அன்று கண்டியில் லானரோல் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இருந்தார். 1672இல் பிரெஞ்சுக் கடற்படையின் தூதுக்குழுவில் வந்து, அப்போதைய மன்னரால் தடுத்துவைக்கப்பட்டு, இந்நாட்டிலேயே தங்கிவிட்டவர் அவர். கால்வினின் நெறியைப் பின்பற்றியவர். வருகிறவர் குரு அல்லர், போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அவர் அரசவையில் தெரிவித்தார். நகரை நெருங்கும் வழியில் வேவுட என்னுமிடத்தில் அடிகளார் பிடிக்கப்பட்டு, கட்டுண்டவராய்க் கண்டிக்குக் கொண்டுவரப்பட்டார்.

இங்கே நாம் நேர்மையோடு ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். மன்னரின் ஐயம் காரணமற்றது அன்று. போர்த்துக்கேயப் படைகள் கண்டியின் மீது பலமுறை படையெடுத்திருந்தன; நகரைத் தீக்கிரையாக்கியும் இருந்தன. பேராதனைக்கு எதிரே மகாவலி கங்கையின் மறுகரையில் உள்ள கன்னொருவையில், 1638இல் போர்த்துக்கேயப் படையைக் கண்டி வீரர்கள் முறியடித்த நினைவு இன்னும் முதியோர் நெஞ்சில் பசுமையாக இருந்திருக்கும். சிலுவையும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்திறங்கியதைக் கண்ட மக்கள், சிலுவையை மட்டும் ஏந்தி ஒருவர் வருவார் என்று எப்படி நம்புவார்கள்?

எனவே அடிகளார் சுமந்த சிறைத்தண்டனையில், முந்திய தலைமுறையினர் செய்த தவறுகளின் விலையும் அடங்கியிருந்தது. அவர் அதை முறையீடின்றிச் சுமந்தார். தமக்குப் பின்னே படையோ, வணிகக் கப்பலோ, அரசனின் ஆணைப் பத்திரமோ இல்லை என்பதைச் சொற்களால் மெய்ப்பிக்க முடியாது. வாழ்ந்து காட்டித்தான் மெய்ப்பிக்க முடியும். அதற்கு இறைவன் தேர்ந்துகொடுத்த இடம் சிறை.

பள்ளியாக மாறிய சிறை

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அடிகளார் கைதியாக இருந்தார். வேறொருவராயின், இறைவா, உம் பணிக்காக வந்தேனே, என்னை ஏன் பூட்டி வைத்தாய் என்று மனம் கசந்திருப்பார். யோசேப் வாஸ் அடிகளார் அந்த ஆண்டுகளைச் சிங்கள மொழி கற்கப் பயன்படுத்தினார். காவலர்கள் அவரை நாள்தோறும் கண்டனர். அதிகாலையில் எழுகிறார், செபிக்கிறார், எவரையும் பழிப்பதில்லை, தப்பியோட முயல்வதுமில்லை. இப்படிப்பட்டவரா ஒற்றர் என்ற எண்ணம் காவலர்களுக்கே வந்தது. மெல்ல மெல்லக் கட்டுப்பாடு தளர்ந்தது.

சிறை வளாகத்திலேயே ஓலைக் குடிசை ஒன்று கட்டி, அதில் பீடம் அமைத்துத் திருப்பலி நிறைவேற்றத் தொடங்கினார். குருவைக் காணாது ஏங்கியிருந்த கண்டிக் கத்தோலிக்கர் ஒவ்வொருவராக அங்கே வரலாயினர். பல ஆண்டுகள் நற்கருணை உட்கொள்ளாத முதியவர்கள், கைதியின் கையிலிருந்து நற்கருணை பெற்றனர். கண்டி மாநகரில் எரிந்த அந்த விளக்கு, அரண்மனைச் செலவில் ஏற்றப்பட்டதன்று. சிறைக் குடிசையில் ஏற்றப்பட்டது.

அன்பார்ந்த குடும்பத்தினரே, சற்று நிறுத்திச் சிந்திப்போம். இறைவன் நம்மை ஒரு பணிக்கு அழைக்கிறார் என்று உணர்கிறோம். மறைக்கல்வி கற்பிக்க விரும்புகிறோம். அன்பியக் கூட்டத்தை நடத்த முன்வருகிறோம். மகனையோ மகளையோ துறவுக்கு அனுப்ப ஆசைப்படுகிறோம். உடனே தடை வருகிறது. நோய், கடன், உறவினரின் ஏளனம், சில வேளைகளில் நம் பங்கினுள்ளேயே எதிர்ப்பு. அழைப்பு பொய்யோ என்று சோர்ந்துவிடுகிறோம். கண்டிச் சிறை நமக்குக் கற்பிப்பது என்ன? தடை வந்த இடத்திலேயே அழைப்பைத் தொடரலாம் என்பதே. வெளியே போக முடியாதபோது, உள்ளே கற்க வேண்டிய மொழி ஒன்று இருக்கவே செய்யும்.

புத்தசமய மன்னரின் பெருந்தன்மை

அப்போது கண்டியை ஆண்டவர் இரண்டாம் விமலதர்மசூரியன். 1687 முதல் 1707 வரை ஆட்சி செய்த அவர், புத்தசமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். தந்த தாதுவுக்கு மூன்று மாடி கொண்ட மாளிகை எழுப்பியவர். பிக்குகளின் திருநிலைப்பாட்டு மரபை மீட்டெடுக்க அரக்கான் நாட்டிலிருந்து துறவிகளை வரவழைத்தவர். அத்தகைய மன்னர் ஒரு கத்தோலிக்கக் குருவுக்குக் காட்டிய பெருந்தன்மை இலங்கை வரலாற்றின் அழகிய பக்கங்களுள் ஒன்று.

ஒருமுறை கண்டி நாட்டில் கடும் வறட்சி உண்டாயிற்று. பயிர்கள் கருகின. பல வேண்டுதல்கள் நடந்தும் மழை இல்லை. மன்னர் அடிகளாரையும் செபிக்குமாறு கேட்டார். பொதுவெளியில் பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, அடிகளார் முழந்தாளிட்டு மன்றாடினார். மழை பொழிந்தது, சுற்றிலும் வெள்ளம் பெருக, பீடமும் அடிகளாரும் நனையாதிருந்தனர் என்று திருச்சபை மரபு போற்றிவருகிறது. அதன்பின் மன்னர் அவருக்கு முழு விடுதலை அளித்து, தம் நாட்டில் மறையை அறிவிக்கவும் இசைவு தந்தார்.

கிறிஸ்தவ அரசு கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது, புத்தசமய அரசு அவர்களுக்கு நிழல் தந்தது. இதை நாம் மறக்கலாகாது. பல சமயத்தவர் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நாடு நம்முடையது. நம் விசுவாசத்தின் வரலாற்றில், வேறு சமயத்தவர் ஒருவருக்கு நாம் தலைமுறை தலைமுறையாக நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

விடுதலை பெற்றபின் அடிகளார் ஓய்ந்திருக்கவில்லை. கண்டியில் தேவதாயின் பெயரால் ஆலயம் எழுப்பினார். அங்கிருந்து கால்நடையாகக் காடுகளையும் ஆறுகளையும் கடந்து, ஒல்லாந்தரின் பகுதிகளுக்கு மாறுவேடத்தில் சென்றார். கூலியாளாக, பிச்சைக்காரராக, வணிகராக ஊருக்கு ஊர் தோற்றம் மாறியது, நெஞ்சு மாறவில்லை. 1696இல் கோவாவின் துறவு இல்லத்திலிருந்து உதவிக் குருக்கள் வரத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் அடிகளாரின் உறவினரான யோசேப் கார்வாலோ.

தெருவில் கிடந்தவர்களின் தாய்

1697ஆம் ஆண்டில் கண்டியைப் பெரியம்மை தாக்கியது. இன்றைய தலைமுறைக்குப் பெரியம்மையின் கொடுமை தெரியாது. தடுப்பூசியால் அந்நோய் உலகைவிட்டே ஒழிந்துவிட்டது. அன்றோ மருந்தில்லை, தடுப்பில்லை. மன்னரும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றோரைச் சொந்தக் குடும்பத்தாரே காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினர். பெற்ற பிள்ளையைத் தாய் தொட அஞ்சிய காலம் அது.

கொரோனா தொற்று பரவிய 2020ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். நோயாளியின் வீட்டைக் கடந்து செல்லவும் நம் கால்கள் தயங்கினவே! அந்த அச்சத்தைப் பன்மடங்கு பெருக்கிப் பார்த்தால், 1697இன் கண்டி நம் கண்முன் வரும்.

அடிகளார் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களைத் தேடிக் காட்டுக்குள் சென்றார். குடிசைகள் கட்டினார். யாருமற்றுக் கிடந்த வீடுகளை நோயாளர் இல்லங்களாக்கினார். புண்களைக் கழுவினார், கஞ்சி காய்ச்சி ஊட்டினார், இறந்தவர்களைத் தம் கையால் அடக்கம் செய்தார். கத்தோலிக்கர் யார், புத்தசமயத்தவர் யார் என்று அவர் வினவவில்லை. யாழ்ப்பாணத்தில் தமக்குக் கஞ்சி கொடுத்த ஏழைப் பெண்ணுக்கு அவர் செலுத்திய கைம்மாறாகவே நான் இதைக் காண்கிறேன்.

இதற்குச் சற்று முன்புதான், அரசவையில் எழுந்த எதிர்ப்பின் காரணமாகக் கார்வாலோ அடிகளார் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். நோய் தணிந்து மன்னர் திரும்பியபோது, இக்குருக்கள் செய்த தொண்டைக் கேள்வியுற்றார். அவர் மனம் உருகிற்று. பணியைத் தடையின்றித் தொடர இருவருக்கும் வழி பிறந்தது. வாதங்கள் வெல்ல முடியாததை, ஒரு கலயம் கஞ்சி வென்றது.

மறைபரப்பு என்றால் பிறர் சமயத்தை இழித்துப் பேசுவது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. மறைபரப்பு என்ற சொல்லே நமக்கு வேண்டாம், வம்பு எதற்கு என்று வாய் மூடியிருப்போரும் உண்டு. அடிகளார் இவ்விரு வழியிலும் செல்லவில்லை. கிறிஸ்துவை அறிவிக்க அவர் ஒருநாளும் வெட்கப்படவில்லை. செபமாலையைக் கழுத்தில் அணிந்தே நடந்தார். அதே வேளையில், யாரையும் இழிவுபடுத்தியோ ஏமாற்றியோ தம் மந்தையில் சேர்க்கவும் இல்லை. அவருடைய போதனைக்கு முன்னே அவருடைய கைகள் பேசின.

இரு மொழி வளர்த்த மறைப்பணி

செபங்களும் மறையுண்மைகளும் மக்களின் சொந்த மொழியில் இருந்தால்தான், குரு இல்லாத காலத்திலும் வீடுகளில் விசுவாசம் நிலைக்கும் என்பதை அடிகளார் அனுபவத்தால் அறிந்திருந்தார். ஆகவே தமிழிலும் சிங்களத்திலும் செபங்கள் பரவ வழிசெய்தார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இப்பணியைப் பேரிலக்கிய வளமாக வளர்த்தார். இரு மொழிகளிலும் அவர் இயற்றிய நூல்கள் பல. தவக்காலத்தில் நம் ஊர்களில் படிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்த கொடையே. உங்கள் பாட்டனார் பெரிய வெள்ளியன்று அதைக் கண்ணீரோடு படித்ததைக் கேட்டிருந்தால், யோசேப் வாஸ் அடிகளார் தொடங்கிய பணியின் ஓசையை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

அடிகளாரை ஆயராக உயர்த்தும் முயற்சியும் நடந்தது. அவர் பணிவோடு மறுத்துவிட்டார். கால்நடையாக ஊர் சுற்றும் எளிய குருவாகவே இருக்க விரும்பினார்.

1707இல் விமலதர்மசூரியன் மறைந்தபின், அவர் மகன் வீர நரேந்திரசிங்கனும் குருக்களுக்கு ஆதரவு தந்தார். ஆனால் நெடும்பயணங்களும் நோன்புகளும் அடிகளாரின் உடலை உருக்கிவிட்டன. 1710இல் நோயுற்ற அவர் மீளவில்லை. சுற்றிநின்ற குருக்கள் இறுதி அறிவுரை கேட்டபோது, வாழ்நாளெல்லாம் செய்யத் தவறியதைச் சாகும் வேளையில் செய்வது எளிதன்று என்ற கருத்தையே அவர்களுக்கு விட்டுச்சென்றார் என்பர். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், கண்டியில், இயேசுவின் திருப்பெயரைச் சொல்லியவாறே உயிர் நீத்தார். அவருக்கு வயது 59. அவர் கால்வைத்தபோது குருவே இல்லாதிருந்த நாட்டில், அவர் மறைந்தபோது ஏறத்தாழ 70,000 கத்தோலிக்கர் இருந்தனர் என்று திருச்சபை வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர்.

கல்லறை தொலைந்தது, கனி தொலையவில்லை

அடிகளார் தாம் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் 1740களில் கண்டி அரசின் போக்கு மாறியது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர்; ஆலயங்கள் இடிக்கப்பட்டன. அவரது கல்லறையும் காலப்போக்கில் மறைந்தது. நாம் இன்று காணும் கண்டி ஏரியும் அவர் காலத்தில் இல்லை. அது பிற்கால மன்னரான ஶ்ரீ விக்கிரம இராசசிங்கனால் அமைக்கப்பட்டது. அடிகளார் நடந்த நகரின் முகமே மாறிவிட்டது.

கனி மட்டும் தொலையவில்லை. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்பு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்த மக்களில் கத்தோலிக்கரும் இருந்தனர். அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கடல்கடந்து வந்ததுபோல அவர்களும் கடல்கடந்து, காட்டுப்பாதையில் கால்நடையாக மலையேறி வந்தனர். மூட்டைக்குள் செபமாலையோடு வந்த அந்த ஏழைகளின் வாரிசுகள், இன்று கண்டி மறைமாவட்டத்தின் பங்குகளில் சிங்கள மக்களோடு இணைந்து வழிபடுகின்றனர். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களில் உள்ள அந்தப் பங்குகளில் இரு மொழியிலும் திருப்பலி ஒலிக்கும்போது, இரு மொழியையும் கற்ற அந்தக் கைதியை நினையாதிருக்க முடியுமா?

திருச்சபையும் அவரை மறக்கவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 ஜனவரி 21ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை அருளாளராக உயர்த்தினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் நாள் அதே திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுத் திருப்பதிக்குச் சென்று, போரில் காயமுற்ற மக்களோடு சேர்ந்து மருதமடு அன்னையிடம் மன்றாடியது நம் நினைவில் நிற்கிறது. அன்னையின் அடிமையாகத் தம்மை எழுதிக்கொடுத்தவரின் நாளில், அன்னையின் திருப்பதியில் அந்த மன்றாட்டு எழுந்தது எத்தனை பொருத்தம்!

அன்பார்ந்த வாசகர்களே! இன்று நம் வீட்டு வாயிலில் ஒல்லாந்த வீரர்கள் நிற்பதில்லை. ஞாயிறு திருப்பலிக்குச் செல்ல நாம் இருளில் ஒளிந்து நடக்க வேண்டியதில்லை. ஆனால் நம் வீடுகளில் செபமாலை எத்தனை நாள்கள் ஆணியில் தொங்கியபடியே கிடக்கிறது? சாவுக்கு அஞ்சாமல் முன்னோர் காத்துத்தந்த செபத்தை, தொலைக்காட்சித் தொடருக்கு நேரமாகிவிட்டது என்று நாம் சுருக்கிவிடுகிறோம். அன்றைய எதிர்ப்பு வெளியிலிருந்து வந்தது; கத்தோலிக்கரை அது உறுதிப்படுத்தியது. இன்றைய எதிர்ப்பு நம் உள்ளத்தின் அசட்டையிலிருந்து வருகிறது. அது ஓசையின்றி விசுவாசத்தை அரிக்கிறது.

நாம் எல்லாரும் கடல் கடக்க அழைக்கப்படவில்லை. ஆனால் இன்று மாலை குடும்பமாகக் கூடி ஒரு செபமாலை சொல்ல நாம் எல்லாருமே அழைக்கப்பட்டிருக்கிறோம். நம் பிள்ளைக்கு ஒரு செபத்தைக் கற்பிக்கலாம். அடுத்த வீட்டில் நோயுற்றிருப்பவர் எந்தச் சமயத்தவராயினும், அவருக்குக் கஞ்சி கொண்டுபோகலாம். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று அவர் கேட்டால், வெட்கப்படாமல் ஆண்டவர் இயேசுவின் பெயரைச் சொல்லலாம். யோசேப் வாஸ் அடிகளாரின் மறைபரப்பு இவ்வளவுதான். அதை அவர் 24 ஆண்டுகள் ஓயாமல் செய்தார்.

அடுத்தமுறை கண்டிக்குச் செல்லும்போது, பேராலயத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். அடையாளம் தெரியாத அந்தக் கல்லறையை நினைத்து, பிள்ளைகளின் கைபிடித்துச் சற்று நேரம் அமைதியாக நில்லுங்கள். ஜனவரி 16ஆம் நாள் அவருடைய திருநாள். அன்று மட்டுமன்றி, தடைகள் நம்மைச் சூழும் ஒவ்வொரு நாளும், சிறையைப் பள்ளியாக்கிய அந்தப் புனிதர் நமக்காக இறைவனிடம் பரிந்துபேசுவாராக. ஆமென்.